மைக்கில் வராத பெயர்

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்துபோனால் அதை மைக்தான் ஊருக்குச் சொல்ல வேண்டும். வாட்ஸப்பில் படம் வந்துவிடும், போனில் நாலு பேர் சொல்லிவிடுவார்கள். இருந்தாலும் ஹாரன் கட்டிய ஆட்டோ தெருவுக்குள் வந்து, இன்னாரின் மனைவியும் இன்னாரின் தாயாருமாகிய என்று ஒருமுறை சொல்லிவிட்டுப் போனால்தான் சாவு உறுதி. மைக்கில் பெயர் எந்த வரிசையில் வருகிறதோ அந்த வரிசையில்தான் பந்தலில் மரியாதையும். ஒரு பெயர் விட்டுப்போனால் தலைமுறைக்கும் பகை. அப்படிப் பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள் நல்லம்பள்ளியைச் சுற்றி நிறைய இருக்கிறார்கள்.

இந்த வரிசையில் மகன் வருவான், மருமகன் வருவான், பேரன் வருவான். மகள் வரமாட்டாள். அவள் பங்குக்குத்தான் மருமகன் வந்துவிட்டானே. ஒரு பெண்ணின் பெயர் மைக்கில் வர வேண்டுமென்றால் அவள் சாக வேண்டும். இதையெல்லாம் இவ்வளவு விவரமாக எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த அறிவிப்புகளைப் பேசிப் பதிவு செய்துகொடுப்பவள் நான்தான்.

இந்த வேலைக்கு நான் வந்ததே ஒரு கோபத்தில்தான். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலையில் தவறிவிட்டார். அப்போதெல்லாம் மைக்செட்காரர் விவரத்தை எழுதிக்கொண்டு தர்மபுரி டவுனில் இருக்கும் ஒரு ஸ்டூடியோவுக்கு ஓடுவார். அங்கே ஒருவர் கரகரவென்ற குரலில், பின்னால் சோக நாதஸ்வரம் போட்டுப் பேசித் தருவார். அன்றைக்கு அந்த மகராசன் ஒரு கடை திறப்பு விழா விளம்பரத்தைப் பேசி முடித்து, சாப்பிட்டு, சற்று சாய்ந்துவிட்டு எழுந்து பேசித் தந்திருக்கிறார். சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டுத் திரும்பி வரும்போது எதிரே ஆட்டோ வருகிறது, இன்று மாலை நல்லடக்கம் நடைபெறும் என்று சொல்லிக்கொண்டு. அந்த வீட்டுப் பெண்கள் மறுபடி முதலிலிருந்து அழ ஆரம்பித்தார்கள். நான் நடுத்தெருவில் நின்று மைக்செட்காரரைக் கிழித்துத் தொங்கவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வண்டியை அணைத்தார். பிறகு சொன்னார்.

"இவ்ளோ சத்தம் போடற இல்ல, நீயே பேசிக் குடேன் புள்ள."

நான் அப்போது பஸ் ஸ்டாப் அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். தமிழை உடைக்காமல் படிப்பேன். குரலும் கனமான குரல்தான். சரி, பேசுகிறேன் என்று வீம்புக்குச் சொல்லிவிட்டேன். உரலில் தலையைக் கொடுத்தாயிற்று, உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா?

வீட்டில் ஒரு லேப்டாப் கிடந்தது. அண்ணன் குடும்பம் பெங்களூர் போவதற்கு முன்னால் அவன் மகனுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்தது. அவன் பெங்களூரில் இதைவிட நல்லதாக ஒன்று வாங்கிக்கொண்டதும், ஆயா படம் பார்க்கட்டும் என்று இதை என் அம்மாவிடம் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அம்மா அதன்மேல் துணி விரித்து மாத்திரை டப்பா வைத்திருந்தாள். டப்பாவை எடுத்துவிட்டுத் திறந்தேன்.

ஒலியைப் பதிந்து வெட்டி ஒட்டுவதற்கு ஒரு மென்பொருள் இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கும் என்று ஜெராக்ஸ் கடைக்கு வந்த ஒரு காலேஜ் பெண் சொல்லியிருந்தாள். அது உண்மையிலேயே இலவசம்தான். எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து செய்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டிருக்கிறார்கள். புண்ணியவான்கள். அதைத் தேடிப் போகிற வழியில்தான் வழிப்பறி. பச்சை நிறத்தில் பெரிய பொத்தான், டவுன்லோட் என்று கூப்பிடும். அமுக்கினால் வேறு எதுவோ வந்து உட்காரும். உங்கள் கம்ப்யூட்டருக்கு ஆபத்து என்று அதுவே சிவப்பில் கத்தும். ஆபத்தே நீதானடா என்று நான் லேப்டாப்பைப் பார்த்துத் திட்டினேன். அம்மா பக்கத்து அறையிலிருந்து யாருடன் சண்டை என்று கேட்டாள். இப்படிக் கண்டதையும் இறக்கி, கண்டதையும் அழித்து, கடைசியில் சரியான இடம் கண்டுபிடித்தபோது எனக்கு அந்த மென்பொருள் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

சொல்லிக்கொடுக்கும் வீடியோக்காரர்கள் இன்னும் மோசம். வணக்கம் நண்பர்களே என்று தொடங்கி, மணியை அமுக்கு, கட்டைவிரலை அமுக்கு என்று பாதி நேரம் பிச்சை. மீதி நேரத்தில், முதலில் ஓர் அமைதியான அறையில் உட்கார்ந்துகொள்ளுங்கள் என்கிறான். எந்த ஊரில் இருக்கிறான் இவன்? எங்கள் வீட்டுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவே ஒரு மரவள்ளிக் காடுதான் இருக்கிறது. தொப்பூர் கணவாய் ஏறப்போகும் லாரியும் இறங்கி வந்த லாரியும் கியர் மாற்றுவது படுக்கையில் கேட்கும். அது போக போர் மோட்டார், பக்கத்து வீட்டு மிக்ஸி, முட்டை போட்டதை ஊருக்கே சொல்லும் கோழி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நீங்கள் சொல்லலாம். எங்கள் கூடம் நிஜமாகவே கோணல்.

சட்டையில் மாட்டும் சிறிய மைக் ஒன்று வாங்கினேன். அதை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் பேசினேன். கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் இருக்கிறது. மைக்கை வாய்க்குள் வைக்காத குறையாகப் பேசியும் அதேதான். கடைசியில் பார்த்தால் மென்பொருளில் எந்த மைக்கிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஓர் இடத்தில் மாற்ற வேண்டுமாம். அது ஒரு வாரமாக லேப்டாப்புக்குள் இருக்கும் மைக்கில்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. இதை எந்த நண்பரும் வீடியோவில் சொல்லவில்லை.

பிறகு இரைச்சலை நீக்குவது. யாரும் பேசாத ஒரு துண்டைக் காட்டி, இதுதான் இரைச்சல் என்று அதற்கு முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதைப் படித்துக்கொண்டு மொத்தப் பதிவிலிருந்தும் கழித்துவிடும். நான் பேராசையில் நிறையக் கழித்துவிட்டேன். லாரி போய்விட்டது, கூடவே என் குரலில் இருந்த உயிரும் போய்விட்டது. குடத்துக்குள் தலையை விட்டுப் பேசியது போல் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் பட்டுப்புழு ஷெட் இருந்தது. அம்மா நடமாடிய வரை நாங்கள் இருவரும்தான் புழு வளர்த்தோம். அவளுக்கு ஒரு பக்கம் கையும் காலும் வராமல் போனதும் அது காலியாகக் கிடந்தது. அதன் ஒரு மூலையில் பழைய சாக்குகளையும் மெத்தைகளையும் தொங்கவிட்டு, முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டி, நடுவே ஒரு ஸ்டூல் போட்டேன். லாரிச் சத்தம் முக்கால்வாசி அடங்கியது. புழுவுக்கு நோய் வராமலிருக்க அடித்த ப்ளீச்சிங் பவுடர் வாடை மட்டும் தொண்டையைப் பிடிக்கும்.

அங்கேயும் ஒரு சத்தம் வரும். அம்மா கூப்பிடுவாள். தண்ணீர் வேண்டும், திரும்பிப் படுக்க வேண்டும், இல்லை, நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிய வேண்டும். பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். ஒரு நல்ல வாசகம் தடங்கலில்லாமல் போய்க்கொண்டிருக்கும்போது, காலமானார் என்பதற்கும் அன்னாரின் என்பதற்கும் நடுவில் என் பெயர் வந்து விழும். ஓடிப்போய் வேண்டியதைச் செய்துவிட்டு வந்து, அதைத் தேடி வெட்டுவேன். திரையில் நீல நிறத்தில் மேடும் பள்ளமுமாகக் குரல் ஓடும். அம்மா கூப்பிடுவது மட்டும் சின்னதாக, தனியாக ஒரு மேடு. பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிடும் அளவுக்கு வெட்டியிருக்கிறேன்.

முதல் அறிவிப்பில் மானம் போயிற்று. பேசி முடித்து, சேமி என்பதை அமுக்கி, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். மைக்செட்காரர் சாவு வீட்டு வாசலில் ஆம்ப்ளிஃபயரில் செருகினார். சத்தமே வரவில்லை. சொந்தக்காரர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். மறுபடி செருகினார், ஊதிச் செருகினார். நான் கொடுத்தது அந்த மென்பொருள் மட்டுமே திறக்கும் கோப்பாம். மற்றவர்கள் கேட்க வேண்டுமானால் எம்பி3 ஆக வெளியே எடுக்க வேண்டுமாம். சேமிப்பது வேறு, வெளியே எடுப்பது வேறு. திரும்ப ஓடிவந்து எடுத்துக் கொடுத்தேன். டவுன் ஸ்டூடியோக்காரர் இதைக் கேள்விப்பட்டு, பொம்பளைக் குரல் சாவுக்கு எடுபடாது, எதற்கு இந்த வேண்டாத வேலை என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு வார்த்தைக்காகவே மீதியைக் கற்றுக்கொண்டேன். ஹாரனில் அடித்தொண்டை கேட்காது, அதைக் குறைக்க வேண்டும். ஊர்ப் பெயருக்கு முன்னால் கொஞ்சம் மௌனம் விட வேண்டும். இரண்டு துண்டுகளை ஒட்டும் இடத்தில் டக்கென்று ஒரு சத்தம் வந்தால், அந்த இடத்தை மட்டும் மெல்ல ஏற்றி இறக்கிக் கரைக்க வேண்டும். ஒரு வருஷத்துக்குள் சுற்றுப்பக்கத்து ஊர்களில் எல்லாச் சாவும் என் குரலில்தான் சொல்லப்பட்டது.

என் சொந்தக் கதையையும் சொல்லியாக வேண்டும். தொப்பூரைத் தாண்டிச் சேலம் பக்கம் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் அடிப்பான். குடித்துவிட்டு அடித்தான் என்றால்கூட ஊர் ஏதோ ஒரு சமாதானம் சொல்லும், இவன் தெளிவாக இருந்து அடிப்பான். கல்லானாலும் கணவன் என்றார்கள். கல் சும்மா கிடக்கும், எழுந்து வந்து அடிக்காது. ஒருநாள் கட்டிய புடவையோடு அம்மாவிடம் வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவன் வரவும் இல்லை, நான் போகவும் இல்லை. எங்களில் பெரியவர்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால் அம்மா பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பாள், அவர் சொல்வார். நானும் அவன் பெயரைச் சொன்னதில்லை. சேர்ந்திருந்தபோது வழக்கத்துக்காகச் சொல்லவில்லை, வந்த பிறகு அருவருப்பில் சொல்லவில்லை.

அண்ணன் பெங்களூரில் இருந்தான். தீபாவளிக்கு வருவான், மாம்பழம் இறங்கும்போது வருவான். அம்மாவை எடுத்து உட்காரவைத்தது, துடைத்துவிட்டது, ஊட்டியது எல்லாம் நான். இதற்கு யாரும் எனக்கு மாலை போட வேண்டாம். செய்தவள் யார் என்பது தெரிந்தால் போதும்.

அம்மா ஒரு விடியற்காலை போய்விட்டாள். காபி கொண்டுபோனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. அண்ணனுக்குப் போன் செய்தேன். அவன் குடும்பத்தோடு வந்து சேர்ந்தபோது அம்மா ஐஸ் பெட்டிக்குள் இருந்தாள், வாசலில் பந்தல் போட்டாயிற்று. மைக்செட்காரர் ஆட்டோவோடு காத்திருந்தார். அண்ணன் அழுதான். உண்மையாகத்தான் அழுதான். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அறிவிப்புக்கு என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் சொல்லத் தொடங்கினான்.

காலஞ்சென்ற அப்பாவின் மனைவியும். அவன் தாயாரும். அடுத்து, என்னை அடித்தவனின் பெயர். அவன் மாமியாரும். பிறகு, பேரன் பெயர். பேரனின் பாட்டியுமாகிய.

நான் சரியாகத்தான் கேட்டேனா என்று ஒரு கணம் தோன்றியது. அவன் பேரு எதுக்கு என்றேன். அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நாளைக்கு நீ எங்க போவ? அம்மா இருந்த வரைக்கும் சரி. உனக்குன்னு ஒரு வூடு இருக்குது. அவுங்களுக்கும் போன் பண்ணிட்டேன், வராங்க."

அப்போதுதான் முழுதாக விளங்கியது. மைக்கில் அவன் பெயர் வந்தால் நான் அவன் வீட்டுப் பெண். பத்து ஊர் கேட்டபின் அதை மாற்ற முடியாது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போகும்போதே என்னையும் இந்த வீட்டை விட்டு எடுத்துவிடலாம். அதுவும் என் வாயாலேயே. வேறு யாரையாவது பேசச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. என்னையே உட்காரவைத்து, நான் இந்த வீட்டில் யாரும் இல்லை என்று என்னையே சொல்லச் சொல்கிறான்.

ஐஸ் பெட்டிக்கு முன்னால் சத்தம் போட எனக்கு மனம் வரவில்லை. ஷெட்டுக்குப் போனேன். அண்ணன் பின்னாலேயே வந்து வாசலில் நின்றான், சரியாகச் சொல்கிறேனா என்று பார்க்க. மைக்கை மாட்டிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பெயரையும் வாய்விட்டுச் சொன்னேன். வாய் வெந்துபோன மாதிரி இருந்தது. கடைசியில் அம்மாவின் பெயர், ஊர், எடுக்கப்போகும் நேரம். நடுவில் எந்தப் பக்கமிருந்தும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அந்த ஷெட்டில் நான் எடுத்ததிலேயே சுத்தமான பதிவு அதுதான். அண்ணன் தலையை ஆட்டிவிட்டுப் பந்தலுக்குப் போனான். பேசியது பேசியதுதான் என்று நினைத்திருப்பான். பேசி முடித்த பிறகுதான் இந்த வேலையே ஆரம்பிக்கிறது என்று அவனுக்கு என்ன தெரியும்?

கோபத்தோடு உட்கார்ந்தால் ஒரு சொல்லின் தொடக்கத்தைத் திரையில் பிடிக்க முடியாது. இரண்டு தடவை தவறான இடத்தில் வெட்டி, பழையபடி மாற்றினேன். குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு வந்தேன். அவன் பெயர் திரையில் இரண்டு மேடாக இருந்தது. அவ்வளவுதான் அவன். பெயரிலிருந்து மாமியாரும் என்பது வரை தேர்ந்தெடுத்து அழித்தேன். இடைவெளி தானாக மூடிக்கொண்டது.

பிறகு அந்த இடத்துக்கு, மகள் என்று சொல்லி என் பெயரைச் சொன்னேன். அதற்கு அடுத்து அவர்களின் தாயாரும் என்று வர வேண்டும். அதைச் சொல்லப்போனால் குரல் உடைகிறது. மறுபடி சொன்னேன், மறுபடி உடைந்தது. அழுகைக் குரலை ஹாரனில் விட எனக்கு விருப்பமில்லை. அண்ணன் பெயருக்குப் பின்னால் நான் ஏற்கெனவே நன்றாகத்தானே சொல்லியிருக்கிறேன்? அந்த அவர்களின் தாயாரும் என்பதை நகலெடுத்து என் பெயருக்குப் பின்னால் ஒட்டினேன். அண்ணனுக்குச் சொன்ன அதே தாயார். ஒட்டிய இடத்தில் வந்த சத்தத்தைக் கரைத்தேன். எம்பி3 ஆக வெளியே எடுத்தேன்.

மைக்செட்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. தூரத்து ஊருக்குத்தான் முதலில் போவார். அங்கேயிருந்து கிளம்பி வருபவர்களுக்கு நேரம் வேண்டும் அல்லவா? கிட்டத்து ஊர்கள் பிறகு. சாவு நடந்த தெருவுக்கு எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வருவார். எனவே அண்ணன் காதில் அது விழுவதற்குள் எல்லா ஊரும் கேட்டுவிட்டது. முதலில் வந்து இறங்கிய பெண்கள் பந்தலைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்கள். என் பெயரைச் சொல்லிக் கட்டிக்கொண்டு அழுதார்கள். இத்தனை வருஷமாக வந்தால் அண்ணன் எப்போது வருவான் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்கள் இவர்கள். எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. மைக் சொல்லித்தானா நான் இருப்பது இவர்களுக்குத் தெரிய வேண்டும்?

என்னை அடித்தவன் வீட்டு ஆட்களைப் பற்றியும் தகவல் வந்தது. வேனில் கிளம்பி வந்தவர்கள் தொப்பூரில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே யாரோ போனில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். மாப்பிள்ளை பெயரே மைக்கில் வரவில்லையாம், நமக்கு என்ன மரியாதை என்று கோபித்துக்கொண்டு அங்கிருந்தே வண்டியைத் திருப்பிவிட்டார்கள். டீயையாவது குடித்துவிட்டுப் போனார்களா தெரியவில்லை.

ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வந்தது. அம்மாவுக்கு நேராக என் குரல் ஹாரனில் கேட்டது. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். என் பெயர் வந்த இடத்தில் அவன் தலை சட்டென்று நிமிர்ந்தது. கூட்டத்தில் என்னைத் தேடி, கண்ணால் பின்கட்டுக்குக் கூப்பிட்டான். போனேன்.

"என்ன பண்ணி வச்சிருக்க நீ?"

"உனக்குச் சொன்ன தாயாரத்தான் எனக்கும் சொன்னேன். வேற புதுசா ஒண்ணும் சொல்லல."

வாசலில் பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ஒரு மாமா பின்கட்டுக்கு வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர் அவருக்கு. பொண்ணு பேரையும் சேர்த்துச் சொல்ல வைத்தாயே, யாருக்கு வரும் இந்த மனசு, உங்கம்மா வயிறு குளிர்ந்துபோயிருக்கும் என்றார். நான் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை, இது இவள் செய்த வேலை என்று சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கொஞ்சம் விழித்தான், பிறகு ஆமாம் என்பது போல் மெதுவாகத் தலையை ஆட்டினான்.

அம்மாவை எடுத்துக்கொண்டு போகும் வரையில் யார் யாரோ அவனிடம் அதையே சொன்னார்கள். அவனும் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினான். கடைசிக் கடைசியில் பழகிவிட்டது, அவனே நம்பியும் இருப்பான். மகள் பெயரையே சொல்லாமல் விட்டவனுக்கு மகள் பெயரைப் போட்ட பெருமை. கடைந்தது நான், வெண்ணெய் அவன் வாயில்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து, உறவுக்காரர்கள் எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் மறுநாள் பெங்களூருக்குக் கிளம்ப வேண்டும். எல்லோருக்கும் கேட்கும்படி, வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறேன், காரியத்துக்கு வந்து திறந்துகொள்ளலாம் என்றான். என்னைப் பார்க்காமலேயே என் பக்கம் கையை நீட்டினான். சாவிக் கொத்து என் இடுப்பில் இருந்தது. அம்மா படுத்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. நான் அசையவில்லை. வாயைத் திறந்தால் அங்கேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா ஒருவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசினார். அப்பாவுக்கு அண்ணன் முறை. எதையும் யோசித்துச் சொல்கிற ஆளில்லை அவர், மனதில் பட்டதைச் சொல்கிறவர்.

"எதுக்குடா பூட்டற? நீதான மைக்கில அவ பேரச் சொல்லச் சொன்ன, இந்த வூட்டுப் பொண்ணுன்னு. பத்து ஊரு கேட்டுச்சு. அவ இருக்கறப்ப வூட்ட யாராவது பூட்டுவாங்களா?"

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அதானே என்றார்கள். அண்ணன் நீட்டிய கை அப்படியே நின்றது. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சொல்ல வேண்டுமானால், மூன்று நாளாக வாங்கிய பாராட்டையெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டும். தங்கச்சி ஏமாற்றிவிட்டாள் என்று சொல்ல வேண்டும். கையை மடக்கி முழங்கால் மேல் வைத்துக்கொண்டான். டீ வந்தது. குடித்தார்கள்.

மறுநாள் அவன் காரில் ஏறும்போது நான் வாசலில் நின்றிருந்தேன். பாத்துக்க என்றான். எதை என்று சொல்லவில்லை.

வீடு எனக்குத் தங்கியது. இருந்தும் இன்றைக்கு வரைக்கும் எனக்கு ஆறவில்லை. நான் அம்மாவுடன் இருந்தேன் என்பதற்காக எனக்கு அந்தச் சாவி கிடைக்கவில்லை. அவன் நல்லவன் என்று ஊர் நம்பியதால் கிடைத்தது. இதை நினைத்தால் ராத்திரிச் சாப்பாடு இறங்குவதில்லை. ஊருக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று எத்தனையோ தடவை வாய்வரை வந்திருக்கிறது. சொன்னால் சாவி போகும். அதனால் விழுங்கிக்கொண்டு, பதிவு செய்யும் வேலையைப் பார்க்கிறேன்.

வேலையில் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டேன். யார் வந்து அறிவிப்புக்கு விவரம் சொன்னாலும், பெண் மக்கள் பெயர் என்ன என்று முதலில் கேட்கிறேன். அதெல்லாம் வழக்கமில்லைங்க என்று சொல்கிறவர்கள் உண்டு. டவுனில் ஸ்டூடியோ இருக்கிறது, அங்கே போங்கள் என்று சொல்லிவிடுவேன். போகிறார்கள். மைக்செட்காரர் பிழைப்பு கெடுகிறது என்று முணுமுணுக்கிறார். முணுமுணுக்கட்டும்.

போன வாரம் ஒரு வீட்டில் அப்பா இறந்து, மகன் வந்து நின்றான். கூடவே அவன் தங்கச்சியும் அழுத முகத்தோடு வந்திருந்தாள். வழக்கம்போல் கேட்டேன். அவன், அது எதுக்குங்க, மாப்பிள்ளை பேரைப் போட்டுக்குங்க என்றான். நான் அவனைப் பார்க்காமல் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் அண்ணனைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பிறகு என்னிடம் தன் பெயரைச் சொன்னாள். நான் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.